டிபியில் முகம் இருந்தே ஆக வேண்டுமா?

2017 ஜூனில் ஃபேஸ்புக் நிறுவனம் இந்தியாவில் ஒரு வசதியைச் சோதனை முறையில் கொண்டுவந்தது. முகப்புப் படத்தைச் சுற்றி நீலக் கோடு வரும்; அடியில் ஒரு சிறு கேடயம் தெரியும். அதைப் போட்டுக்கொண்டவரின் படத்தை மற்றவர்கள் பதிவிறக்க முடியாது, பகிர முடியாது. நண்பர் பட்டியலில் இல்லாதவர் அந்தப் படத்தில் யாரையும் டேக் செய்ய முடியாது. ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இயன்ற இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதும் தடுக்கப்பட்டது. பல நாடுகளில் இயங்கும் நிறுவனம் இதை இந்தியாவிலிருந்து தொடங்கியதற்குச் சொன்ன காரணம் நமக்குப் புதிதல்ல. இங்கே பெண்கள் பலர் முகம் தெரியும் படத்தை இணையத்தில் எங்குமே வைப்பதில்லை. வைத்தால் அந்தப் படத்தை யார் எடுத்து என்ன செய்வார்களோ என்ற பயம்.

அந்த அறிவிப்பில் இன்னொரு தகவலும் இருந்தது. ஜெசிகா சிங் என்ற ஓவியர் பாந்தனி, காந்தா போன்ற நம் துணி வேலைப்பாடுகளிலிருந்து சில வடிவங்களை வரைந்து தந்திருந்தார். அவற்றை முகப்புப் படத்தின் மேல் ஒரு படலமாகப் போட்டுக்கொண்டால், அந்தப் படத்தைப் பிறர் நகலெடுப்பது குறைந்தது 75 விழுக்காடு குறைகிறது என்று தன் முதற்கட்டச் சோதனையை வைத்து நிறுவனம் சொன்னது. படம் திருடுகிறவரின் கையைத் தடுக்க ஒரு புடவைக் கரை அளவு கோலம் போதுமாக இருந்திருக்கிறது.

தமிழ்க் குடும்பம் ஒன்றின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். சித்தப்பா தன் படத்தை வைத்திருப்பார். மாமா, கல்யாண மேடையில் எடுத்த படம். தம்பி, விஜய்யோ அஜித்தோ. சித்தியின் இடத்தில் ஒரு ரோஜாப்பூ இருக்கும், அண்ணி இருக்க வேண்டிய வட்டத்தில் குழந்தையின் பிஞ்சுக் கால், அத்தைக்குச் சமயபுரத்து அம்மன். எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்த குழுவிலேயே இப்படி. அறிமுகமில்லாதவர்கள் கூடும் வாசிப்புக் குழு, செடி வளர்ப்போர் குழு, நோயாளிகளின் ஆதரவுக் குழு என்று போகும்போது இந்தப் பிளவு இன்னும் கூர்மையாகிறது. அங்கேதான் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. முகம் இல்லாத டிபியைக் கண்டதும் 'ஃபேக் ஐடி' என்று சொல்லிவிடுவது.

இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை என்பது என் முடிவு. இணையக் குழுவில் ஒருவர்மீது நம்பிக்கை வளர்வது அவர் முகத்தைப் பார்ப்பதால் நடப்பதில்லை. ஒரே அடையாளத்தோடு நெடுநாள் நின்று பேசுவதால் நடக்கிறது. டிபி எதைக் காட்டலாம், எப்படி அமைய வேண்டும் என்ற கேள்விகளை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் சரியான விடை கிடைக்கும்.

தன் படத்தைச் சிறு அளவில் அச்சிட்டுப் பிறருக்குக் கொடுக்கும் வழக்கம் இணையத்துக்கு வெகு முந்தையது. 1854இல் பாரிஸில் டிஸ்தேரி என்ற புகைப்படக்காரர் ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முகவரிச் சீட்டு அளவில் படங்கள் மலிவாகக் கிடைக்க, 1860களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவற்றைப் பரிமாறி ஆல்பங்களில் சேர்த்தன. நம் ஊரிலும் ஸ்டூடியோக்கள் பெருகின. 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தேடி எடுத்து மின்னுருவாக்கியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்கு உதவியது. தன்னையும் தன் குடும்பத்தையும் பிறருக்கு எப்படிக் காட்டிக்கொள்வது என்பதே அந்தத் தொகுப்பின் பொருள். வரைந்த திரை, சாய்வு நாற்காலி, பூச்சாடி, கையில் ஒரு புத்தகம் என்று எதை வைத்துக்கொண்டு நிற்பது என்ற முடிவு அன்றே பெரிய முடிவாக இருந்தது. ஆனால் அந்தப் படம் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதை யார் பார்ப்பார்கள் என்பது படத்தில் இருப்பவருக்குத் தெரியும். டிபிக்கு அந்த உறுதி கிடையாது.

கணினியில் முகம் வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1985இல் பெல் ஆய்வகத்தில் ராப் பைக், டேவ் பிரசோட்டோ இருவரும் சக ஊழியர்களின் முகங்களை 48க்கு 48 புள்ளிகளில், கறுப்பு வெள்ளையில் அடைத்து, அஞ்சல் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு பார்வையில் தெரியும்படி செய்தார்கள். அது ஒருவரையொருவர் அறிந்தவர்களின் இடம். 1990களின் நடுவில் 'தி பேலஸ்' என்ற அரட்டை உலகம் வந்தபோது நிலைமை மாறிவிட்டது. அங்கே யாரும் யாரையும் அறியார். அதை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் சூலர், மக்கள் வைத்துக்கொண்ட உருவங்களை விலங்கு, கார்ட்டூன், பிரபலம், தீய உருவம், அதிகாரத்தைக் காட்டும் உருவம் என்று வகைப்படுத்தினார். சொந்த முகம் அந்தப் பட்டியலில் பல வகைகளுள் ஒன்று, அவ்வளவுதான். 2004இல் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கிய ஃபேஸ்புக் வளர்ந்து பரவிய பிறகே முகம் காட்டுவது இயல்பு, காட்டாதது விலகல் என்ற எண்ணம் வேர்விட்டது. அதாவது நாம் என்றும் உள்ள மரபாக நினைப்பது ஒரு நிறுவனத்தின் இருபது ஆண்டு வழக்கம்.

முகம் காட்ட விரும்புகிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இந்தத் துறையில் உளவியல் ஆய்வுகள் மிகவும் வளமானவை. அவை சொல்வது நம் உள்ளுணர்வுக்கு எதிராகவும் போகிறது.

2011இல் ராப் ஜென்கின்ஸ் குழுவினர் செய்த சோதனையிலிருந்து தொடங்குகிறேன். நெதர்லாந்தில் புகழ்பெற்ற இரு பெண்களின் படங்கள், ஆளுக்கு 20 வீதம் 40 அட்டைகள். அவர்களை அறியாத பிரிட்டிஷ் பங்கேற்பாளர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அடுக்காகப் பிரிக்கச் சொன்னார்கள். சராசரியாக ஏழெட்டு அடுக்குகள் வந்தன. ஒரே பெண்ணின் வெவ்வேறு படங்கள் வெவ்வேறு ஆட்களாகத் தெரிந்திருக்கின்றன. அந்தப் பெண்களை அறிந்த நெதர்லாந்துக்காரர்களுக்கோ இரண்டு அடுக்குகள் எளிதாக வந்துவிட்டன. நம்மை அறிந்தவர் கண்ணுக்கு எந்தப் படமும் நாம்தான். அறியாதவர் கண்ணுக்கு ஒவ்வொரு படமும் ஒரு புது ஆள். டிபியை மாதம் ஒருமுறை மாற்றுகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அந்தப் புது ஆளைப் பற்றிய முடிவும் நொடியில் எடுக்கப்படுகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேனின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடோரோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவர் நம்பத்தகுந்தவரா, திறமையானவரா என்று பார்ப்பவர் தீர்மானித்துவிடுவது தெரிந்தது. நேரத்தைக் கூட்டிக் கொடுத்தால் முடிவு மாறவில்லை; தன் முடிவின்மீதான உறுதிதான் கூடியது. 2014இல் டோடோரோவ் தன் சகாவுடன் செய்த இன்னொரு ஆய்வு, ஒரே ஆளின் இரண்டு படங்கள் அவர் குணத்தைப் பற்றி எதிரெதிரான எண்ணங்களைத் தரக்கூடும் என்று காட்டியது. முகத்தில் குணம் எழுதியிருந்தால் இப்படி நடக்க வழியில்லை. ஒளியும் கோணமும் அந்தக் கண நேரச் சிரிப்பும் சேர்ந்து எழுதுகிற எழுத்து அது.

அப்படியானால் நம் சிறந்த படத்தைத் தேர்ந்தெடுக்கத் தகுந்தவர் யார்? நாமே என்றுதான் எல்லாரும் நினைப்போம். ஆஸ்திரேலியாவில் டேவிட் வைட், கிளேர் சதர்லாந்து, ஏமி பர்ட்டன் மூவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. மாணவர்கள் தம் ஃபேஸ்புக் கணக்கிலிருந்து தம் படங்கள் 12 கொடுத்தார்கள். அவற்றுள் நட்பு வட்டத்துக்கு எது, துணை தேடுவதற்கு எது, வேலை தேடுவதற்கு எது என்று தாமே வரிசைப்படுத்தினார்கள். பிறகு முன்பின் தெரியாதவர்கள் அதே படங்களை அதே நோக்கங்களுக்காக வரிசைப்படுத்தினார்கள். இரு தரப்பும் தேர்ந்த படங்களை வேறு புதியவர்களிடம் காட்டியபோது, அந்நியர் தேர்ந்தவையே கூடுதல் நல்லெண்ணத்தைப் பெற்றன. தன் படத்தைத் தானே தேர்வது பாதகமாக முடிந்திருக்கிறது.

காரணத்தின் ஒரு பகுதியை 1977இலேயே விஸ்கான்சின்–மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் மீட்டா, டெர்மர், நைட் ஆகியோர் காட்டியிருந்தார்கள். பெண்களின் முகப் படத்தையும் அதை இடவலம் மாற்றிய படத்தையும் அவர்களிடமே காட்டினால், பெரும்பாலும் மாற்றிய படத்தை விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகளோ உள்ளபடி இருக்கும் படத்தை விரும்பினார்கள். நாம் நம்மைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவர்கள். நம் முகமாக நாம் அறிந்திருப்பது வலமிடமாகத் திரும்பிய ஒரு முகம். செல்ஃபி எடுக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடி உருவம். எடுத்த பிறகு அது நேராகச் சேமிக்கப்பட்டிருந்தால் 'ஏதோ கோணலாக இருக்கிறதே' என்று தோன்றுகிறது. ஊருக்கெல்லாம் தெரிந்த நம் முகம் அந்தக் 'கோணல்' முகம்தான். எனவே நான் யாருக்கும் முதலில் சொல்லும் யோசனை இதுதான்: ஐந்தாறு படங்களை எடுத்துவைத்து, உங்கள்மீது அதிகப் பாசம் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். எந்தக் குழுவுக்கு என்று சொல்லுங்கள். அவர் கை காட்டுவதை வையுங்கள். அம்மாவிடம் கொடுப்பதால் பயனில்லை; அவர் அந்த நெதர்லாந்துக்காரர்களைப் போல எந்தப் படத்திலும் உங்களைத்தான் பார்ப்பார்.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் தூரம் முதலாவது. கை நீளத்தில் ஃபோனைப் பிடித்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவது லென்ஸின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். அது நெருக்கத்தின் விளைவு. 2018இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் போரிஸ் பாஸ்கோவர் உள்ளிட்டோர் கணக்கிட்டபடி, 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் முகத்தோடு ஒப்பிட, 5 அடியில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகத் தெரிகிறது. செல்ஃபியைப் பார்த்துவிட்டு மூக்கை அறுவை செய்துகொள்ள வருகிறவர்களைக் கண்டே அவர்கள் இந்தக் கணக்கில் இறங்கினார்கள். ஃபோனை இன்னொருவர் கையில் கொடுத்து, நாலைந்து அடி தள்ளி நின்று எடுக்கச் சொன்னால் இந்தச் சிக்கலே இல்லை.

அடுத்தது அளவு. நாம் படத்தைத் தேர்வது முழுத்திரையில். மற்றவர்கள் பார்ப்பதோ உரையாடல் பட்டியலில் விரல் நகம் அளவே உள்ள ஒரு வட்டத்தில். சதுரப் படத்தை வட்டமாக்கும்போது பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெட்டுப்படுகிறது. மூலையில் இருக்கும் எதுவும் போய்விடும். அந்தச் சிறு வட்டத்தில் முழு உருவம் நின்றால் முகம் ஒரு புள்ளி. தோளுக்கு மேல் மட்டும் வைத்து, முகம் வட்டத்தில் பாதிக்கு மேல் நிறையும்படி வெட்டுவது நல்லது. எத்தனை சிறிதானாலும் தெரியுமா என்ற கவலை வேண்டாம். 1973இல் லியோன் ஹார்மன், லிங்கனின் முகத்தைச் சில நூறு கட்டங்களாக மட்டும் காட்டி, தூரத்திலிருந்து பார்ப்பவர் அடையாளம் கண்டுகொள்வதை நிறுவினார். மனித மூளைக்கு முகம் அறிய மிகக் குறைந்த தகவல் போதும். ஆனால் அந்தக் குறைந்த தகவல் சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

எந்த இடம் என்பதற்கு வியப்பான ஒரு விடை உண்டு. எம்ஐடியில் ஜாவித் சதர், பவன் சின்ஹா முதலியோர் 2003இல் வெளியிட்ட சோதனையில், பிரபலங்கள் 50 பேரின் படங்களில் கண்களை மட்டும் அழித்துக் காட்டியபோது பார்ப்பவர்கள் 56 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். புருவங்களை மட்டும் அழித்தபோது அது 46 விழுக்காடாக இறங்கியது. நாம் கண்ணுக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தை மூளை புருவத்துக்குக் கொடுக்கிறது. சிறு படத்தில் முகத்தின் எழுத்துகளே புருவமும் அதற்குக் கீழே விழும் நிழலும்தான். ஃபோன்களில் தானாகவே இயங்கும் அழகு ஃபில்டர்கள் முதலில் அழிப்பது அந்த நிழலை. நிறத்தை வெளுக்கவைத்து, தோலை வழவழப்பாக்கி, புருவத்துக்கும் நெற்றிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கின்றன. நம் மாநிறமும் கறுப்பும் ஒளியை அழகாக ஏந்தும் நிறங்கள். சன்னலருகே, பக்கவாட்டிலிருந்து வரும் காலை வெளிச்சத்தில், வெளிர்ச் சுவருக்கு முன்னால் நின்றால் எந்த ஃபில்டரும் தராத தெளிவு கிடைக்கும். வெளுப்பே அழகு என்று ஃபோன் நிறுவனம் வைத்திருக்கும் கொள்கையை நாம் ஏன் நம் நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டும்?

பின்னணியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டு எண், வண்டியின் நம்பர் பிளேட், குழந்தையின் சீருடையில் உள்ள பள்ளிப் பெயர் போன்றவை ஆளைத் தேடிவருகிறவனுக்குப் போதுமான தகவல்.

இத்தனையும் முகம் காட்டுகிறவர்களுக்கு. முகம் காட்டுவதால் குழுவில் நம்பிக்கை கூடுமா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

கூடுவதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை இனி நம்ப முடியாது. 2019 பிப்ரவரியில், உலகில் இல்லாத மனிதர்களின் முகங்களை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாகக் காட்டும் இணையதளம் ஒன்று வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபேஸ்புக் நீக்கிய ஒரு பெரிய போலிக் கணக்கு வலையில், கணினி உருவாக்கிய முகங்கள் முகப்புப் படங்களாக இருந்தன. 2022இல் சோஃபி நைட்டிங்கேலும் ஹானி ஃபரீதும் வெளியிட்ட ஆய்வில், உண்மை முகத்தையும் செயற்கை முகத்தையும் பிரிக்கச் சொன்னபோது மக்கள் 48 விழுக்காடுதான் சரியாகச் சொன்னார்கள். காசு சுண்டிப் பார்த்திருந்தாலும் அந்த அளவு வந்திருக்கும். அதைவிடக் கவலைக்குரிய முடிவு, செயற்கை முகங்களுக்கு நம்பகத்தன்மையில் சற்றுக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. ஆக, ரோஜாப்பூவை வைத்திருக்கும் சித்தி போலி, சிரித்த முகத்தோடு கோட்டு அணிந்து நண்பர் அழைப்பு அனுப்பும் அந்நியர் அசல் என்று முடிவு செய்கிற கண் தவறான பக்கம் பார்க்கிறது.

முகம் காட்டுவதற்கு எல்லாரும் ஒரே விலை கொடுப்பதும் இல்லை. அமெரிக்காவில் பெஞ்சமின் எடெல்மனும் மைக்கேல் லூகாவும் நியூயார்க்கின் ஏர்பிஎன்பி வீடுகளை 2014இல் ஆராய்ந்தபோது, ஒத்த தரமுள்ள வீடுகளுக்குக் கறுப்பின உரிமையாளர்களைவிட மற்றவர்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுதல் வாடகை பெற்றது தெரிந்தது. படம் நம்பிக்கை தருவதற்காக வைக்கப்பட்டது. பாகுபாட்டுக்கு வழி திறந்தது. விருந்தினர் படத்தை, முன்பதிவு உறுதியான பிறகே வீட்டுக்காரருக்குக் காட்டுவோம் என்று நிறுவனம் 2018இல் விதியை மாற்றியது. நம் நாட்டில் இந்த விலையைப் பெண்கள் கொடுக்கிறார்கள். 2021 ஜூலையிலும் 2022 புத்தாண்டு நாளிலும் வெளியான இரு செயலிகள், முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களுடைய சமூக ஊடகக் கணக்குகளிலிருந்து எடுத்து 'ஏலம்' என்று போட்டன. பத்திரிகையாளர்களும் சமூகச் செயற்பாட்டாளர்களும் அதில் இருந்தார்கள். டெல்லி, மும்பை காவல்துறைகள் சிலரைக் கைது செய்தன. அந்தப் பெண்கள் செய்ததெல்லாம், இந்தக் கட்டுரையின் முற்பகுதியில் சொன்னதைப்போல நல்ல வெளிச்சத்தில் எடுத்த தம் படத்தை டிபியாக வைத்ததுதான். ரோஜாப்பூவுக்குப் பின்னால் நிற்பவரின் கணக்கு தவறென்று இதைப் பார்த்த பிறகும் யார் சொல்ல முடியும்?

அடையாளத்தைக் கட்டாயமாக்கினால் பேச்சு நாகரிகமாகும் என்ற நம்பிக்கையைத் தென்கொரியா சட்டமாகவே போட்டுப் பார்த்தது. 2007இல் பெரிய இணையதளங்களில் எழுதுகிறவர் தம் மெய்ப்பெயரை உறுதிசெய்ய வேண்டும் என்று விதி வந்தது. வசைகள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. திரட்டி வைத்த விவரங்களோ திருடர்களுக்குக் குறியாயின; 2011இல் ஒரே ஊடுருவலில் மூன்றரைக் கோடிப் பேரின் தகவல்கள் கசிந்தன. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. படம் வேறு, பெயர் வேறு என்றாலும் தர்க்கம் ஒன்றே.

தமிழ் வாசகருக்கு இது எளிதில் புரிய வேண்டிய விஷயம். ரங்கராஜன் என்பவர் தம் மனைவியின் பெயரான சுஜாதாவில் எழுதினார். எழுதுகிறவர் பெண் என்றே ஆரம்பத்தில் பலர் எண்ணினார்கள். யாரும் ஏமாற்றப்பட்டதாக வருந்தவில்லை, ஏனென்றால் அந்தப் பெயர் வாரந்தோறும் அதே தரத்தோடு வந்து நின்றது. குழுவில் ஒரு படத்தோடு பல மாதங்கள் பயனுள்ளதைப் பேசியவரின் ஊதாப்பூ, மற்றவர்களுக்கு ஒரு முகமாகவே ஆகிவிடுகிறது. அந்தப் பூவைக் கண்டதும் 'இவர் சொன்னால் சரியாக இருக்கும்' என்று தோன்றுகிறது. பூவை மாற்றினால்தான் ஆள் தொலைகிறார்.

எனவே முகம் காட்டாதவர்களுக்கு நான் சொல்வது, மறையுங்கள், ஆனால் நிலையாக மறையுங்கள். எதை வைத்தாலும் உங்களுடையதாக வையுங்கள், மாற்றாதீர்கள். நிறுவனம் தரும் சாம்பல் நிற உருவத்தை அப்படியே விட்டுவிடுவது நல்லதல்ல. ட்விட்டரில் 2010 முதல் படம் வைக்காதவர்களுக்கு ஒரு முட்டை கிடைத்தது. வசைபாட மட்டும் கணக்குத் திறந்தவர்கள் அந்த முட்டையோடே திரிந்ததால், வெறுமனே படம் வைக்கத் தெரியாத புதியவர்களும் அவர்களோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள். 2017 மார்ச் 31இல் நிறுவனமே முட்டையை எடுத்துவிட்டது. நடிகர் படத்துக்கும் இதே சிக்கல். ரசிகர்கள் பிறந்த நாளுக்கு வெளியிடும் காமன் டிபியில் உற்சாகம் இருக்கிறது, கூட்டத்தோடு நிற்கும் மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் அந்த வாரம் குழுவில் பத்துப் பேர் ஒரே ஆளாகத் தெரிவார்கள். 2022 ஆகஸ்டில் பிரதமர் கேட்டுக்கொண்டபடி பலர் தேசியக் கொடிக்கு மாறியபோதும், துக்கத்துக்குக் கறுப்பு வட்டம் வைக்கும் நாட்களிலும் இதுவே நடக்கிறது. ஒரு கருத்தோடு நிற்க விரும்பினால் உங்கள் வழக்கமான படத்தைச் சுற்றி ஒரு சட்டமாக அதை வையுங்கள். 2015 ஜூனில் ஃபேஸ்புக் தந்த வானவில் படலத்தை 2.6 கோடிப் பேர் போட்டுக்கொண்டார்கள். படலத்துக்கு அடியில் அவரவர் படம் தெரிந்தது.

குழந்தையின் படத்தை வைப்பது பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. தன் முகத்துக்குப் பயந்து அதை மறைக்கும் தாய், அதே இடத்தில் மூன்று வயது மகளின் முகத்தை வைக்கிறார். பயம் நியாயமானால் அது குழந்தைக்கும் பொருந்தும். குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஓவியங்களைப் பலர் விரும்புகிறார்கள். சன்னலோரத்திலும் அடுப்படியிலும் இருக்கும் தமிழ்ப் பெண்களை ஒளியோடு வரைந்த ஓவியர் இளையராஜாவின் படங்கள் எத்தனையோ பெண்களின் டிபியாக இருக்கின்றன. 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. தன் முகத்தைக் காட்ட முடியாத பெண்ணுக்கு அவருடைய ஓவியம் ஒரு முகம் தந்திருக்கிறது. அதில் எனக்கு நெகிழ்ச்சி உண்டு. ஆனால் வாழும் ஓவியரின் படத்தை எடுக்கும்போது அனுமதி கேட்பதும், அறிமுகக் குறிப்பில் அவர் பெயரை எழுதுவதும் நம் கடமை. பதிப்புரிமை வரைந்தவருடையது. காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் வேறு வகை: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர்.

சொந்தமாகவே ஒன்றைச் செய்துகொள்வது இவை எல்லாவற்றையும்விடச் சிறந்தது; கடினமும் இல்லை. 2007இல் டான் பார்க் என்ற நிரலாளர், இணைய முகவரியை எண்ணாக்கி அதிலிருந்து ஒரு சமச்சீர் வடிவம் தானாக உருவாகும் முறையைச் செய்தார். 2013இல் கிட்ஹப் தளம் இதே எண்ணத்தை எடுத்து, படம் வைக்காதவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து கட்டத்தில், இடமும் வலமும் ஒத்த ஒரு வடிவத்தைக் கொடுத்தது. இடப்பக்கமும் நடு வரிசையும் தீர்மானித்தால் வலப்பக்கம் தானே வந்துவிடும். 15 கட்டங்களை நிரப்பியும் விட்டும் 32,768 வடிவங்கள் கிடைக்கும், நிறத்தைச் சேர்த்தால் இன்னும் பல மடங்கு. வாசலில் புள்ளி வைக்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் இந்தக் கணக்கு கைவந்தது.

கோலத்தையே டிபியாக்கலாம் என்று நான் தீவிரமாகச் சொல்வேன். பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம் சிறு வட்டத்தில் நூலாகக் குழம்பிவிடும். மூன்று புள்ளி, ஐந்து புள்ளிக் கோலம் சரியாக நிற்கும். செம்மண் பூசிய தரையிலோ கறுப்புத் தாளிலோ விரல் தடிமனான கோடுகளாகப் போடுங்கள். நேர் மேலிருந்து, நிழல் விழாமல், காலை வெளிச்சத்தில் படமெடுங்கள். சதுரமாக வெட்டும்போது நான்கு பக்கமும் ஆறில் ஒரு பங்கு விட்டுவிட்டால் வட்டத்தில் எதுவும் அறுபடாது. உங்கள் குழுவில் எல்லாரும் பச்சையும் நீலமுமாக இருந்தால் காவியைப் பின்னணியாக வையுங்கள். பட்டியலில் கண் அங்கே போகும். வரையத் தெரிந்தவர் தன் கண்ணாடியை, தன் சைக்கிளை, தன் பூனையை நாலு கோட்டில் வரையலாம். முடித்ததும் ஃபோனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, வட்டத்தைப் பாருங்கள். என்னவென்று தெரியவில்லையென்றால் இரண்டு கோட்டை எடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. ஒரே முகப் படத்தை எல்லா இடத்திலும் வைக்காதீர்கள். 2011இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் அலெசாண்ட்ரோ அக்விஸ்டி குழுவினர், வளாகத்தில் நடந்துபோன மாணவர்களைப் படமெடுத்து, ஃபேஸ்புக் முகப்புப் படங்களோடு ஒப்பிட்டு ஏறத்தாழ மூன்றில் ஒருவரை அடையாளம் கண்டார்கள். அன்று அதற்கு ஆய்வகம் தேவைப்பட்டது. 2020 ஜனவரியில், இணையத்திலிருந்து 300 கோடிப் படங்களை அள்ளி முகத்தேடல் நடத்தும் கிளியர்வியூ என்ற நிறுவனம் பற்றிய செய்தி வெளியானது. அலுவலகப் பக்கத்தில் உள்ள படமே மனநல ஆதரவுக் குழுவிலும் இருந்தால் இரண்டையும் இணைப்பது இன்று நிமிட வேலை. நோய், மணமுறிவு, கடன் பற்றிப் பேசும் குழுவுக்குத் தனி அடையாளம் இருக்கட்டும்.

உங்கள் படத்தை வைத்து யாராவது கணக்குத் திறந்திருந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. போலிப் படம், திருத்திய படம் குறித்து உரியவர் புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 விதிகள் தளங்களுக்குக் கெடு வைத்தன. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் தரலாம்.

குழு நடத்துகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சேரும்போது முகப்படம் கட்டாயம் என்று விதி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். போலிகளைத் தடுக்க வேண்டுமானால் புதியவர் முதல் சில வாரங்கள் என்ன பேசுகிறார் என்று பாருங்கள், ஏற்கெனவே உள்ள ஒருவரின் அறிமுகம் கேளுங்கள், வசை வந்தால் உடனே நீக்குங்கள். பூவையும் அம்மனையும் வைத்துக்கொண்டு வரும் பெண்ணிடம் 'உங்கள் படம் எங்கே' என்று கேட்காதீர்கள். பேச வந்திருக்கிறார்; பேசவிடுங்கள்.